வளைவில்லாத வழி

"அம்மா, நாம் வழி தவறிவிட்டோம்" என்றார் ஆவுடையப்பன்.

"எதனால் அப்படிச் சொல்கிறீர்?" என்று கேட்டார் உமையாள் அம்மை. நடையை நிறுத்தவில்லை.

"காலையிலிருந்து ஒரு வளைவுகூட வரவில்லையே!"

அம்மையார் சிரித்தார்.

ஆவுடையப்பன் மலைச்சாலையில் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். எந்த வளைவிலும் அவர் கை நடுங்கியதில்லை. இந்தச் சமவெளிதான் அவரை நடுங்க வைத்தது. மலையின் உச்சியில் யாரோ பாய் விரித்துப் போட்டாற்போல் கிடந்தது வெளி. முழங்காலளவுப் புதர், காய்ந்த புல், மறுபடியும் புதர். எவ்வளவு நடந்தும் எதுவும் அருகில் வரவில்லை. எதுவும் பின்னால் போகவுமில்லை.

மறுகோடியில், பைன் காட்டுக்கு அப்பால், அம்மையாரின் குடில். அங்கே சென்று அவர் கையால் துவராடை பெற்றுத் துறவியாகிவிடுவது என்பது ஆவுடையப்பனின் முடிவு. அம்மையாருக்கு அவருடைய மகளின் வயதுதான் இருக்கும். ஆயினும் சந்தைக்கு அவர் வந்தால் ஊரே எழுந்து நிற்கும்.

"வீட்டில் சொல்லிக்கொண்டீரா?"

"சொல்லாமல் வருவேனா? 'நான் போகிறேன்' என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினேன்."

"உம் மனைவி என்ன சொன்னார்?"

"கோமதியா? நேற்றெல்லாம் ஏசினாள். 'வண்டியைவிட்டு இறங்கிய பிறகும் ஹாரன் அடிப்பதை நிறுத்தவில்லையே, மனிதர்!' என்றாள். காலையில்தான் ஒன்றும் சொல்லவில்லை. கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள்."

அம்மையார் நடையை எட்டிப் போட்டார்.

ஆவுடையப்பன் திரும்பிப் பார்த்தார். சற்று நடந்து மீண்டும் பார்த்தார்.

"பின்னால் வண்டி ஏதும் வருகிறதா, ஓட்டுநரே?"

"இல்லை, அம்மா."

"பின்பக்கம் பார்க்கக் கண்ணாடி இல்லாதது உமக்குக் கஷ்டம்தான்."

பைன் காடு தொடங்கியது.

அங்கும் மேடில்லை, பள்ளமில்லை. ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில் மரங்கள். உதிர்ந்த ஊசியிலைகள் மெத்தைபோல் கிடந்தன. காலடி ஓசை கேட்கவில்லை, சுவடும் பதியவில்லை. ஆவுடையப்பன் கைக்கெட்டிய கிளை ஒன்றை ஒடித்தார். சற்றுத் தள்ளி இன்னொன்று.

"என்ன சத்தம்?"

"கிளை, அம்மா. ஓர் அடையாளத்துக்கு."

"யார் திரும்புவதற்கு?"

"பழக்கம்" என்று முணுமுணுத்தார். ஆனால் ஒடிப்பதை நிறுத்தவில்லை.

மூடுபனி இறங்கியது. முதலில் தூரத்து மரங்கள் மறைந்தன. பிறகு பக்கத்து மரங்கள்.

அம்மையார் நின்றார்.

"இங்கேயே நில்லும்."

"நீங்கள்?"

"நான் போகிறேன்."

போய்விட்டார். வெண்பனியில் அவருடைய காவி சிறிது நேரம் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

ஆவுடையப்பன் நின்றார்.

வழி பார்க்கப் போயிருப்பார் என்று நினைத்தார். தண்ணீர் தேடிப் போயிருப்பார். ஆனால் அப்படிச் சொல்லவில்லையே! என்ன சொன்னார்? 'போகிறேன்' என்றார். வேறெதுவும் சொன்னாரா? நன்றாக நினைவிருக்கிறது, வேறெதுவும் சொல்லவில்லை.

"அம்மா!"

பனி அந்தக் குரலை விழுங்கிக்கொண்டது.

நான் என்ன பிழை செய்தேன்? கிளையை ஒடித்தது பிடிக்கவில்லையா? வளைவு வரவில்லை என்றதா? இனி வரவே மாட்டாரா? ஓரடி எடுத்து வைக்கவும் அச்சம். வந்து பார்த்தால் நான் இங்கே இல்லையென்று ஆகிவிடுமே!

"அம்மா! அம்மா!"

பக்கத்து மரத்தின் பின்னாலிருந்து அம்மையார் வெளியே வந்தார்.

"ஏன் கத்துகிறீர்? இங்கேதான் இருந்தேன்."

ஆவுடையப்பனுக்கு ஆத்திரம் பொங்கியது. எதிரில் நிற்பவர் யாரென்பதே மறந்துபோயிற்று.

"'போகிறேன்' என்று சொல்லிவிட்டா போவார்கள்? 'போய் வருகிறேன்' என்று சொன்னால் வாய் வலித்துவிடுமா? அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு நிற்கிறவர் கதி என்னவென்று கொஞ்சமாவது…"

நிறுத்தினார்.

கையைக் குனிந்து பார்த்தார். கடைசியாக ஒடித்த கிளை அதில் அப்படியே இருந்தது.

காலையில் கோமதியின் கையில் கரண்டியும் இப்படித்தான் இருந்தது. பிறகு அதைத் தரையில் வைத்தார். பனியினூடே, ஒடிந்த கொம்போடு நின்ற மரத்தைத் தேடிக் கண்டுகொண்டார். இரண்டடி நடந்தவர் திரும்பிக் கைகூப்பினார்.

"போய் வருகிறேன், அம்மா."

"சொல் சரிதான்" என்றார் அம்மையார். "கேட்க வேண்டிய ஆள்தான் மாறிவிட்டது."