போயிட்டு வர்றேன்

ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்து பங்களா. எப்போதோ செத்துப்போன வெள்ளைக்காரத் துரையின் ஆவி அங்கே இங்கிலீஷ் பாடம் நடத்திக்கொண்டிருந்தது. தப்பாகப் பேசியவர்கள் வாசலைத் தாண்டியதில்லை. சுவருக்குள்ளிருந்து அவர்கள் பாடம் ஒப்பிக்கும் சத்தம் மட்டும் கேட்கும்.

புதிதாக வேலைக்கு வந்த பவுனம்மா பெருக்கி முடித்துவிட்டு, "ஐ கோ அண்ட் கம், தொரை," என்றாள்.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது. "தப்பு. போகிறவள் வருவதைப் பற்றி ஏன் பேசுகிறாய்?"

"சரியா எப்படிச் சொல்றதுங்க? வாசப்படியில நின்னு ஒருதரம் சொல்லிக் காட்டுங்க."

கதவு திறந்தது. துரை படியிறங்கி நின்று, "ஐ ஆம் கோயிங்," என்றார்.

"வர்றேன்னு சொல்லாம போறவங்க எங்க ஊர்ல திரும்பி வர்றதில்ல, தொரை. போங்க."

துரை பனிமூட்டத்தில் கரைந்துபோனார். சுவருக்குள்ளிருந்த குரல்கள் ஒவ்வொன்றாக அவளைத் தாண்டி வெளியேறின.

பவுனம்மாவுக்கு அப்போதுதான் பயம் வந்தது. ஒவ்வொன்றும் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனது: "போயிட்டு வர்றேங்க."