புள்ளிப்பாறைச் சேவல்

கொம்பையூர் ஜமீன்தாருக்கு வயிறு எரிந்தது. எரிய வைத்தது ஒரு சேவல். அவருடைய பூட்டன் படையோடு வந்து முதன்முதலில் கொடி நட்ட இடம் புள்ளிப்பாறை. அதே ஊர்க் குடியானவள் மூக்காயி வளர்த்த கோழிகளும் அந்தப் பாறை மாதிரியே புள்ளி புள்ளியாக இருக்க, ஊரார் அந்த இனத்துக்கும் புள்ளிப்பாறை என்றே பேர் வைத்துவிட்டார்கள். வெளியூர்க்காரன் எவன் வந்து "புள்ளிப்பாறை எங்கே?" என்று கேட்டாலும், எல்லா விரலும் மூக்காயி குடிசையைத்தான் காட்டின. பாறையைச் சீந்த ஆளில்லை.

ஜமீன்தார் அரண்மனை முற்றத்துக்கு மூக்காயியை வரவழைத்தார். அவள் சேவலைக் கூடையில் மூடி எடுத்து வந்தாள்.

"பொழுது சாயறதுக்குள்ள கோழிக்கு வச்ச அந்தப் பேர் ஊர் வாயிலிருந்து போகணும். இல்லேன்னா புள்ளிப்பாறைக் கோழி வளர்க்கிறவன் எவனா இருந்தாலும் ஊரை விட்டே கிளம்பணும்!"

"எவரா இருந்தாலுமா சாமி?"

"எவனா இருந்தாலும்!"

மூக்காயி கூடையைத் திறந்தாள். சேவல் கழுத்தை நீட்டிக் கூவியது. அரண்மனைக் கொல்லையிலிருந்து உடனே ஒரு எதிர்க்கூவல். பஞ்சாரத்தைக் கவிழ்த்துவிட்டு, சிலிர்த்துக்கொண்டு பாய்ந்து வந்தது இன்னொரு புள்ளிச் சேவல். பின்னாலேயே சமையல்காரன் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"பிடிங்க, பிடிங்க! எசமான் ஆசையா வளர்க்கிற புள்ளிப்பாறையைப் பிடிங்க!"

முற்றமே சிரித்தது. மூக்காயி தன் சேவலை வாரி அணைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு கூவினா இன்னொண்ணுக்குப் பொறுக்காது சாமி, அது சேவல் புத்தி. பாறை இத்தனை வருசமா வாயே திறக்கலையே, நீங்க எதுக்குக் கூவுறீங்க?"