கீறல் விழாத வண்டி

புது வண்டி எடுத்தவனைப் பார்த்துவிட்டால் போதும், ஊரில் இருக்கிற அத்தனை பேரும் மெக்கானிக் ஆகிவிடுவார்கள். எனக்கு வாய்த்தவர் மாசானமுத்து அண்ணாச்சி.

அம்பாசமுத்திரத்தில் ஏசுவடியான் வைத்திருக்கும் ஆக்சஸரீஸ் கடைக்கு நான் போனது இரண்டு ஹெல்மெட் வாங்க. "ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு எனக்கு. அது இல்லாம நான் அந்த வண்டியில ஏற மாட்டேன்" என்று என் மனைவி தவமணி சொல்லியிருந்தாள். அவள் ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் அறையில் நர்ஸ். உடைந்த மண்டைகளாகப் பார்த்துப் பார்த்து, மனுஷ உடம்பில் தலையைத் தவிர வேறு எதுவும் அவள் கண்ணுக்குத் தெரிவதில்லை. மறுநாள் காலையில் தென்காசியில் அவள் அக்கா வீட்டுக்குப் புது வண்டியில் எங்கள் முதல் பயணம். அவள் என் பின்னால் உட்கார்ந்து வருவாளா, பஸ்ஸில் தனியாக வருவாளா என்பது அன்று நான் வாங்கப்போவதில் இருந்தது. டியூட்டி முடிந்ததும் நேரே கடைக்கு வந்துவிடுகிறேன் என்றும் சொல்லியிருந்தாள். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

கடைக்குள் ஃபேனுக்கு நேர் கீழே முக்காலி போட்டு மாசானமுத்து உட்கார்ந்திருந்தார். தலையில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார். அந்த வெக்கையிலும் அதை அவிழ்க்கவில்லை. அவர் கடைக்காரர் இல்லை, சாமான் வாங்க வந்தவரும் இல்லை. வருகிறவர்களுக்கு ஞானம் வழங்குவதற்காகவே தினமும் வருகிறவர்.

"ரெண்டு ஹெல்மெட் எடுங்க அண்ணாச்சி" என்று நான் ஏசுவடியானிடம் கேட்டதுதான் தாமதம்.

"ஹெல்மெட்டா?" என்றார் மாசானமுத்து, நான் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டது மாதிரி. "வே தம்பி, வண்டி விழுந்தாத்தானவே தலை விழும்? முதல்ல வண்டியக் காப்பாத்தும். சீட்டுல ஷோரூம் பிளாஸ்டிக் இருக்கா, கிழிச்சிப் போட்டுட்டீரா?"

"இருக்கு அண்ணாச்சி."

"கெட்டிக்காரன்! நான் வண்டி எடுத்து நாலு வருசம் ஆச்சி. பிளாஸ்டிக்கப் பிரிக்கல. அது மேல ரெக்சின் கவரு, ரெக்சின் மேல வெல்வெட்டு, வெல்வெட்டு அழுக்காகாம இருக்க அது மேல இன்னொரு பிளாஸ்டிக்கு. புது வாசம் இன்னும் போகலவே. அந்த வாசத்துக்கு ரெண்டு பேரு எங்க வீட்ட ஷோரூம்னு நெனைச்சி உள்ள வந்து, தவணைக்குக் குடுப்பீயளான்னு கேட்டானுவ."

"குடுத்தீரா?" என்றார் ஏசுவடியான், அலமாரியைத் துடைத்தபடி.

"ஆளுக்கு ஒரு காப்பி குடுத்து அனுப்பினேன்."

அடுத்து அவர் சுவரில் தொங்கிய, வண்டிக்கு முன்னால் மாட்டுகிற இரும்புக் கிராஷ் கார்டைக் காட்டினார். இதெல்லாம் கொடிக்கம்பி, துணி காயப்போடத்தான் ஆகும் என்றார். அவருடையது தனியாக ஆர்டர் கொடுத்துச் செய்ததாம். வெல்டிங் பட்டறையில் அதைத் தூக்கி மாட்டப் பதினோரு பேர் வந்தார்களாம்.

"கல்லிடைக்குறிச்சி விலக்குல நிக்கேன். எதுக்க ஒரு மணல் லாரி, பிரேக் பிடிக்காம வாறான். நான் அசையலையே! அப்படியே கால ஊனி நின்னேன். வந்து கார்டுல மோதுனான் பாரும், லாரி நட்ட நடுவுல ரெண்டாப் பொளந்து, ஒரு பாதி தென்காசிக்குப் போச்சி, ஒரு பாதி பாபநாசத்துக்குப் போச்சி."

"டிரைவர் எந்தப் பாதியில இருந்தான்?" ஏசுவடியான் கேட்டார்.

"தென்காசிப் பாதியில. பாபநாசத்துக்குக் கிளீனர் ஓட்டிட்டுப் போனான்."

"ஸ்டியரிங்கு?"

"அது டிரைவர்கிட்டல்லா இருந்துது! கிளீனர் பயல் மனசுறுதியில ஓட்டுனான்வே. ரெண்டு பாதியும் மணல இறக்கிட்டுச் சாயங்காலம் அதே இடத்துல வந்து ஒட்டிக்கிட்டு. நம்ம வண்டிக்கு ஒரு கீறல் உண்டுமா? கிடையாது!"

நான் சிரித்தேன். ஆனாலும் என் கண் அந்தக் கிராஷ் கார்டுமேல் போனது. கையில் இருந்த காசுக்கு இரண்டு ஹெல்மெட் வாங்கலாம், இல்லாவிட்டால் கிராஷ் கார்டும் வெல்வெட் கவரும் வாங்கலாம். ஹெல்மெட் போட்டால் முகம் தெரியாது. புது வண்டி என்னுடையது என்று தென்காசியில் யாருக்குத் தெரியும்? கிராஷ் கார்டு பளபளவென்று இருந்தது. என் புத்தி எப்போதுமே பளபளப்பின் பக்கம்தான் சாயும்.

மாசானமுத்து அதைப் பார்த்துவிட்டார். முக்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பூட்டு எத்தனை வாங்குதீரு? ஒண்ணா? என் வண்டிக்கு ஏழு. போன தைப்பூசத்தன்னைக்கு ஒரு களவாணிப்பய வந்தான். முதல் பூட்டத் தொறக்கவே மாசி முடிஞ்சிட்டு. மூணாம் பூட்டுக்கு வரும்போது அவன் பொண்டாட்டி தூக்குவாளியில சோறு கொண்டாந்தா. அஞ்சாம் பூட்டுக்கு எங்க தெருவுலயே வாடகைக்கு வீடு பாத்துட்டான்."

"நீரு அவனப் பிடிச்சிக் குடுக்கலையா?" ஏசுவடியான் கேட்டார்.

"எப்படிவே குடுக்க? இப்ப சாவி தொலைஞ்சா அவன்தான வந்து தொறந்து குடுக்கான்!"

ஏசுவடியான் துடைக்கிற துணியைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார். "வண்டிக்குப் படுதா போட்டீரே, அதையும் சொல்லி முடிச்சிரும்" என்றார்.

"சொல்லாம விடுவனா? ஆத்துல வெள்ளம் வந்துதுல்லா, அன்னைக்கு வண்டிக்குப் படுதாவப் போட்டு நாலு பக்கமும் இறுக்கிக் கட்டினேன். வெள்ளம் வண்டியத் தூக்கிட்டுப் போயி ஸ்ரீவைகுண்டம் பாலத்துல சாத்தி வச்சிருக்கு. மூணாம் நாளு போய்ப் படுதாவத் தொறந்தா, டேங்க்கு மேல நான் பூசுன விபூதி அப்படியே காஞ்சு கெடக்கு!"

"நீரு?"

"நான் நனைஞ்சிட்டேன். படுதாவுக்கு வெளியில நின்னுல்லா கட்டினேன்?"

"ஹெல்மெட்டு உம்மகிட்ட கிடையவே கிடையாதா?" என்று நான் கேட்டேன்.

"ஏன் இல்லாம? உசத்தி ஹெல்மெட்டு. வெளிய கொண்டு போனாக் கீறல் விழுந்திரும்லா? பீரோவுல பட்டுச் சேலைக்கு நடுவுல வச்சிருக்கேன்."

ஊரே ஒரு ஆளை எதற்காகச் சகித்துக்கொள்கிறது என்பது அவரைப் பார்த்தால் புரியும். இவ்வளவையும் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் சொன்னார். நானும் வெட்கமில்லாமல் ஏசுவடியானிடம், "ஹெல்மெட் அப்புறம் பாத்துக்கலாம். அந்தக் கார்டையும் வெல்வெட் கவரையும் எடுங்க. பிளாஸ்டிக் மேலயே மாட்டிரலாம்" என்று சொல்லிவிட்டேன். தவமணியிடம் என்ன பொய் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

உள்ளே வந்தவள் என்னைப் பார்க்கவில்லை. முக்காலியைப் பார்த்தாள்.

"என்ன அண்ணாச்சி, நேத்தே தையல் பிரிக்க வரச் சொன்னேனே, ஏன் வரல?"

மாசானமுத்து துண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். "ஆளு மாறிட்டும்மா. அது நான் இல்ல."

"ஆளு மாறலாம். நான் போட்ட கட்டு மாறுமா?" துண்டுக்குக் கீழே காதோரம் வெள்ளைத் துணி எட்டிப் பார்த்தது.

ஏசுவடியானுக்கு அன்றைக்குத்தான் வாழ்க்கையில் ஒரு நல்ல நாள் வந்தது போலிருந்தது. "என்னம்மா, மணல் லாரி மோதுச்சா?" என்றார்.

"லாரியா? இவுக வீட்டு வாசல்ல இருக்குத ஸ்பீடு பிரேக்கரு. சீட்டுல பிளாஸ்டிக்கு, வெல்வெட்டுன்னு அடுக்கடுக்காப் போட்டு வச்சிருந்தாகளாம். வண்டி முன்னால போச்சி, இவுக வழுக்கிப் பின்னால போயிட்டாக."

என் வண்டியிலும் அதே பிளாஸ்டிக்தான் இருந்தது. நாளைக்கு அந்தச் சீட்டில் பின்னால் உட்கார வேண்டியவள் இவள். நான் வெளியே போய் என் வண்டி சீட்டில் இருந்த ஷோரூம் பிளாஸ்டிக்கைப் பல்லால் கடித்துக் கிழித்துப் போட்டேன். திரும்பி வந்தபோது ஏசுவடியான் இரண்டு ஹெல்மெட்டை எடுத்துக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்திருந்தார்.

மாசானமுத்து இன்னும் தோற்கவில்லை. "வண்டிக்கு ஒரு கீறல் உண்டா, அதக் கேளும்!" என்றார்.

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல" என்றாள் தவமணி, ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிப் பார்த்துக்கொண்டே. "தலையிலதான் ஏழு தையல்."

"ஏழா? என்ன தாயி இப்படிக் கொறைச்சிச் சொல்லுத! எழுபது தையல்! ஆஸ்பத்திரியில நூலு காலியாயி, மில்லுக்கு ஆளனுப்பி எடுத்தாந்தாவ. நான் கண்ண இமைக்கலையே! ஒவ்வொண்ணா எண்ணிக்கிட்டே இருந்தேன்."

"ஏழுதான் அண்ணாச்சி. ஊசியப் பாத்ததுமே மயங்கிட்டீக."