எந்தப் போர்?

“அம்மா, பொய் சொல்லமாட்டேன் என்று விரதம் எடுத்தவன் நான். படைக்காரன் வந்து பிள்ளைகள் எங்கே என்று கேட்டால் என்ன சொல்ல?”

நரைத்த தாடியை உருவிக்கொண்டு மடத்து முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார் திருமேனி. காலையிலிருந்து இதே கேள்விதான்.

இரண்டு அரசர்கள் அடித்துக்கொண்ட காலம் அது. ஈட்டி பிடிக்கும் உயரம் வந்த பிள்ளைகளை, ஆண் பெண் பாராமல், இருவருமே வாரிக்கொண்டு போனார்கள். தப்பி வந்த பிள்ளைகள் இந்த மடத்தில் இருந்தார்கள்.

வெள்ளச்சியம்மை திருமேனியைவிட வயதில் சின்னவர். ஆனாலும் அவர்தான் குரு.

“வைக்கோலை அள்ளிக்கிட்டு வாரும்,” என்றார் அம்மை.

“நான் கேட்டது...”

“காதுல விழுந்துச்சு. அள்ளிக்கிட்டு வாரும். போர் போடணும்.”

திருமேனிக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. தலைபோகிற நேரத்தில் மாட்டுத்தீவனமா? ஆனாலும் அள்ளினார்.

அம்மை நடுவில் இடம் விட்டு, பிள்ளைகளை உட்காரவைத்து, சுற்றிலும் மேலேயும் வைக்கோலை அடுக்கினார். மூச்சுக்கு மட்டும் ஒரு சந்து.

வாசலில் குதிரைகள் வந்து நின்றன.

படைத்தலைவன் நேராகத் திருமேனியிடம் வந்தான்.

“நீர் பொய்யே சொல்லமாட்டீராமே. ஊரே சொல்லுது. பிள்ளைங்க எங்கே?”

திருமேனியின் கண் தானாக வைக்கோல் பக்கம் போகப் பார்த்தது. இழுத்துப் பிடித்தார்.

“போரில் இருக்கிறார்கள்.”

“எதிரி முந்திக்கிட்டானா!” காறித் துப்பிவிட்டுக் குதிரையைத் திருப்பினான் படைத்தலைவன்.

திருமேனிக்குப் பெருமை தாங்கவில்லை. பொய்யும் சொல்லவில்லை, பிள்ளைகளும் தப்பியாயிற்று. அம்மையைப் பார்த்துச் சிரித்தார்.

பாவி மனுஷன், சற்றுப் பொறுத்துச் சிரித்திருக்கக்கூடாதா? படைத்தலைவன் திரும்பிப் பார்த்துவிட்டான்.

“எந்தப் போர்?”

வைக்கோலுக்குள் ஏதோ சரசரத்தது.

“வடக்கே நடக்கிற போர்தானய்யா!” திருமேனி கத்தினார். “நேத்தே இழுத்துட்டுப் போயிட்டாங்க. பிள்ளைகளை வாரிக்கொடுத்துட்டுப் பைத்தியம் மாதிரி சிரிச்சிட்டு நிக்கிறேன், பாரும்!”

அத்தனையும் பச்சைப் பொய்.

குதிரைகள் போயின. புழுதி அடங்குவதற்குள் திருமேனி தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

“போச்சே அம்மா! இத்தனை வருஷம் கட்டிக் காத்தது ஒரு நொடியில போச்சே!”

அம்மை போரைப் பிரித்து, ஒவ்வொரு பிள்ளையாகக் கைபிடித்து வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். கடைசியாக வந்த பெண்பிள்ளையின் தலையில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டார்.

“எல்லாரும் இருக்காங்களே. எது போச்சுங்கிறீர்?”