கரையை விட்டு அகலாத மரம்

அமேசான் தாழ்நிலத்துக் காட்டில், ஆற்றோரச் சிற்றூர் ஒன்றில், உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் வீடு ஒன்று இருந்தது. கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து போன மதர் ரெஜினாள் அதை நடத்திவந்தார். அவரிடம் பாடம் கேட்டவர் தோபியாஸ். தாடி நரைத்த மனிதர், அதே கரைக்காரர்.

அன்று காலையிலிருந்து தோபியாஸுக்கு மனசே சரியில்லை. மேசை நிறைய ஒரே மரத்தின் தாள்கள். அவரைக்காய்க் குடும்பத்து மரம், ஊதாப் பூ. அவற்றைப் பறித்தவர்களில் பாதிப் பேர் எப்போதோ செத்துப்போயிருந்தார்கள். பூவின் நிறம் மட்டும் போகவே இல்லை.

“மதர், இது என்ன மரம்? எனக்குப் பயமாயிருக்கு.”

“ஏன்?”

“தாள்ல எழுதியிருக்க எடத்தையெல்லாம் வரைபடத்துல குறிச்சேன். அத்தனையும் ஆத்தங்கரை. நூறு வருசமா உள்காட்டுல ஒண்ணுகூட இல்ல. மனுசன் எங்க எறங்குனாலும் இது அங்க வந்து நிக்குது.”

“இந்த மரம் உள்காட்டுல இருக்கான்னு கேட்டு எழுதியிருக்காங்களே, ரோடு போடுறவங்க, அவங்களுக்கு என்ன பதில் சொல்லப் போறீரு?”

“உள்காட்டுல இந்த மரம் இல்லன்னுதான். சொன்னா நாளைக்கே காட்ட வெட்டத் தொடங்கிருவாங்க. அதுக்காகத் தாளு பொய் சொல்லுமா?”

மதர் எழுந்து குடையை எடுத்தார். “படகை அவிழும்.”

ஆற்றின் மேல்புறத்தில் படகைக் கட்டிவிட்டுக் காட்டுக்குள் நடந்தார்கள். கொஞ்ச தூரத்திலேயே வெளிச்சம் மங்கியது. பறவைச் சத்தம் சட்டென்று நின்றது. பட்டப்பகலில் யாரோ கதவைச் சாத்தியதுபோல் இருந்தது.

மதர் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தார். நடுக்கடலில் வள்ளம் கவிழ்ந்தபோதுகூட தோபியாஸ் இப்படிப் பயந்ததில்லை. எதிரே, மரங்களுக்குப் பின்னால், யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதாகத் தோன்றியது.

திரும்பிப் பார்த்தார். மரச் சந்துக்குள் படகின் முனை நகமளவு தெரிந்தது.

“மதர், போதும். இங்க ஒண்ணுமில்ல.”

“இன்னும் உள்ள போகலியே.”

“இதுக்கு மேல போனா படகு கண்ணுக்குத் தெரியாது. திரும்பிருவோம்.”

மதர் நின்றார்.

“தாராளமா,” என்றார். “உமக்கு முந்தி செடி பறிக்க வந்தவங்க எல்லாரும் இந்த எடத்துலதான் திரும்புனாங்க.”