விசிறிக்குப் போன துணி

பேண்ட் தைப்பதில் ஆவுடையப்பனை அடிக்க ஆளில்லை என்று ஒரு காலத்தில் மேலப்பாளையம் பஜாரே பேசியது. ரெடிமேட் கடைகள் வந்தன, பேச்சு நின்றது. ஐம்பத்து மூன்று வயதில் அவர் நாட்டிய உடை தைக்கக் கற்றுக்கொள்ள ஹமீதாவிடம் வந்து சேர்ந்தார். அவளுக்கு முப்பத்தைந்துகூட ஆகவில்லை. அவர் அவளை "மாஸ்டர்" என்பார், அவள் அவரை "அண்ணாச்சி" என்பாள். இதில் இருவருக்கும் எந்தக் கூச்சமும் இல்லை.

அந்த வாரம் மாநகராட்சிப் பள்ளியில் ஏழு பெண்பிள்ளைகளுக்கு முதல் நாட்டிய மேடை. உடை ஹமீதாவின் பொறுப்பு. பெற்றோர் எல்லாரும் சேர்ந்து ஒரே ஒரு பீஸ் பட்டுத்துணிதான் வாங்க முடிந்தது. அளந்தால் ஏழு பேருக்குச் சரி, ஒரு சாண் மிச்சம் இல்லை. தங்கைக்குப் பிரசவம் என்று ஹமீதா கடையநல்லூருக்குக் கிளம்பினாள்.

"துணி இவ்வளவுதான் அண்ணாச்சி. பாத்து வெட்டுங்க."

அவர் பார்த்துத்தான் வெட்டினார். வினையே அங்கேதான் வந்தது. அதே மேடையில் ஒரு பெரிய இடத்துப் பள்ளிப் பிள்ளைகளும் ஆடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவர்கள் உடையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். முழங்கால்களுக்கு நடுவே விரியும் முன்மடிப்பு, விசிறி என்பார்கள், அது ஒவ்வொன்றும் அத்தனை அகலம். நம் பிள்ளைகள் அவர்களுக்கு முன்னால் இளப்பமாகத் தெரியக் கூடாது என்று அவருக்கு வைராக்கியம் வந்துவிட்டது. விசிறி தைத்துச் சேர்க்கிற பைஜாமாவின் கவட்டில், இரண்டு காலும் சேரும் இடத்தில், நாலு விரல் குறைத்தார். விசிறி மறைக்கிற இடம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள்? குறைத்த துணியை எல்லாம் விசிறியில் மடிப்பாக ஏற்றினார். நல்ல மனசோடுதான் செய்தார்.

நிகழ்ச்சி மாலை ஆறு மணிக்கு. மதியம் இரண்டு மணிக்கு வகுப்பறையில் பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு ஏழு பேரும் உடுத்தி நின்றார்கள். ஹமீதா பஸ்ஸிலிருந்து இறங்கி, பையைக்கூட வீட்டில் வைக்காமல் நேரே அங்கே வந்தாள். விசிறிகளைப் பார்த்தாள்.

"ஆடுங்க பிள்ளைகளா."

முன்வரிசையில் முப்பிடாதி. குதிகால் சேர்த்து, முழங்கால் விரித்து, அரைமண்டியில் உட்கார்ந்தாள். துணி கிழிகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அவள் இரண்டு கையாலும் பின்னால் பொத்திக்கொண்டு சுவரோடு போய் ஒட்டிக்கொண்டாள்.

மற்ற ஆறு பேரும் பயந்துபோனார்கள். முழங்காலை மடக்காமல் விறைப்பாக நின்று காலைத் தட்டினார்கள். விசிறிகள் மடித்தது மடித்தபடி தொங்கின.

"நூல் சரியில்ல மாஸ்டர்," என்றார் ஆவுடையப்பன். "ரெட்டைத் தையல் போட்டா நின்னுரும்."

"போடுங்க."

போட்டார். முப்பிடாதி மறுபடி உடுத்தி வந்து உட்கார்ந்தாள். இந்தத் தடவை தையல் நின்றது, பக்கத்தில் துணி கிழிந்தது.

"நான் ஆடல," என்றாள் அவள். "எல்லாரும் சிரிப்பாங்க."

மணி மூன்று ஆகிவிட்டது. ஆவுடையப்பனுக்குச் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது.

"முப்பது வருசமா டேப்பு பிடிக்கேன் மாஸ்டர். என் அளவு பிசகினதே இல்ல. இது எப்படிக் கிழியுது?"

ஹமீதா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க போட்டிருக்கது யாரு தச்ச பேண்ட்டு?"

"நான் தச்சதுதான்."

"அரைமண்டியில உட்காருங்க."

"நானா?"

"நீங்கதான்."

ஏழு பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் செருப்பைக் கழற்றினார். குதிகாலைச் சேர்த்து, முழங்காலை விரித்து மெல்ல இறங்கினார். பாதியில் நின்றுவிட்டார்.

"இன்னும் கொஞ்சம் இறங்குங்க."

"வேண்டாம் மாஸ்டர்."

"முட்டு வலிக்கா?"

"முட்டு இல்ல." குரல் தாழ்ந்தது. "கிழிஞ்சிரும்."

"இன்னும் கிழியலியே. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வெட்டினவனுக்குத் தெரியாதா?"

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது. நிமிர்ந்தார். சுவரோரம் நின்ற முப்பிடாதியைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

"ஒட்டுப் போட ஒரு வெட்டுத்துண்டுகூட மிச்சம் வைக்கலியே மாஸ்டர். இப்பத் துணிக்கு எங்க போவேன்?"

ஹமீதா பிளேடை எடுத்தாள். முப்பிடாதியின் விசிறியில் நாலு மடிப்பைப் பிரித்தாள். ஆவுடையப்பன் தன் விரலையே வெட்டக் கொடுத்தவர் போல முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார். பிரித்த துணியிலிருந்து ஒரு துண்டு வெட்டி, கவட்டில் வைத்துத் தைத்தாள். விசிறி பாதியாகிவிட்டது.

முப்பிடாதி உடுத்தி வந்தாள். பயந்து பயந்து இறங்கினாள். எதுவும் கிழியவில்லை. இன்னும் இறங்கினாள். விசிறி ஒரு முழங்காலிலிருந்து மறு முழங்கால்வரை விரிந்து, அதன் சரிகைக்கரை முழுதும் தெரிந்தது. அவள் காலை ஓங்கித் தட்டினாள். மற்ற ஆறு பேரும் தங்கள் பைஜாமாவைக் கழற்றிக் கொடுக்க அடுத்த அறைக்கு ஓடினார்கள்.

மணி மூன்றே முக்கால். ஆவுடையப்பனுக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

"சின்னதாப் போச்சே மாஸ்டர். அந்தப் பிள்ளைங்க விசிறி எவ்ளோ பெருசு தெரியுமா? அது முன்னால இது எடுபடுமா?"

ஹமீதா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"ரெண்டு மணியில இருந்து ஏழு பெரிய விசிறி உங்க கண்ணு முன்னாலதான் நின்னுச்சு அண்ணாச்சி. அதுல ஒண்ணாவது விரிஞ்சு பாத்தீங்களா?"

ஆவுடையப்பன் பிளேடுக்காகக் கையை நீட்டினார்.