திட்ட வராத ஆள்

“அம்மா, எனக்கு இந்தக் கொடி வேண்டாம். வேற வேலை குடுங்க. கக்கூஸ் கழுவச் சொன்னாலும் கழுவறேன்.”

நல்லசிவம் இப்படிச் சொன்னபோது கொடியம்மா முறத்தை மடியில் வைத்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“அதுக்கு ஆள் இருக்கு. நான்தான்.”

அலங்கல்மேட்டில் கடலை ஒட்டி ஒரு சின்ன மடம். மடத்து வாசலில் ஒரு கொடிமரம். விடியற்காலையில் அதில் சிவப்புத் துணி ஏறிவிட்டால், அன்றைக்கு அந்த ஊர்ப் படகு ஒன்றும் தண்ணீரில் இறங்காது. அடுப்பு எரியாவிட்டாலும் இறங்காது. இது பஞ்சாயத்துக் கட்டுப்பாடு.

அதற்குப் பதிலாக ஊருக்கும் ஓர் உரிமை உண்டு. கொடி பறந்தும் கடல் சும்மா கிடந்தால், யார் வேண்டுமானாலும் மடத்துக்கு வந்து கொடி ஏற்றியவரை வாய்க்கு வந்தபடி திட்டலாம். ஏற்றியவர் பதில் பேசக் கூடாது.

நியாயமான ஏற்பாடு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பட்டினியோடு கட்டுப்படுகிறவனுக்கு வாயாவது வேண்டாமா?

மடத்தை நடத்தும் கொடியம்மா பல வருஷமாக இந்தத் திட்டை வாங்கி வந்தவர். நல்லசிவம் அவரைவிட வயதில் மூத்தவர். திருச்சியில் ஜவுளிக்கடை வேலையை விட்டு, மன அமைதி தேடி மடத்துக்கு வந்தவர். இரண்டு மழைக்காலம் அம்மாவோடு நின்று வானம் பார்க்கக் கற்றுக்கொண்டார். அன்றைக்குத்தான் முதல்முறையாக அம்மா கயிற்றை அவர் கையில் கொடுத்தார்.

அவரும் ஏனோதானோ என்று ஏற்றவில்லை. ரேடியோவில் பலத்த காற்று வீசும் என்றார்கள். தென்கிழக்கே மேகம் கருத்து நின்றது. காற்றே இல்லாமல் ஆற்று முகத்துவாரத்தில் அலை வெள்ளையாக உடைந்தது. ஏற்றிவிட்டார்.

பொழுது ஏறியது. கடல் தாம்பாளத்து எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. உச்சி வெயிலில் ஊர் மடத்துக்கு வர ஆரம்பித்தது.

“யார் யார் வந்தாங்க?” என்று கேட்டார் கொடியம்மா. காலையில் பக்கத்து ஊருக்குப் போனவர் சாயங்காலம்தான் திரும்பியிருந்தார்.

“யார் வரலைன்னு கேளுங்க.”

“அதையும் கேப்பேன். முதல்ல வந்தவங்களச் சொல்லுங்க.”

“கலியமூர்த்தி வந்தார். ‘வானத்தைப் பாத்துக் கொடி ஏத்துனியா, கனா கண்டு ஏத்துனியா’ன்னார்.”

“நல்லா இருக்கட்டும்.”

“மீன் விக்கிற அமிர்தம் வந்தாங்க. வெறுங்கூடையை என் முன்னால கவுத்து வச்சு, ‘இன்னிக்கு இதைத்தான் விக்கணும், நீ வாங்கிக்கிறியா’ன்னாங்க.”

“அவுங்களுக்குக் கால் வீங்கியிருந்துச்சே. நடந்தா வந்தாங்க?”

“நடந்துதான். என்னைத் திட்டறதுன்னா ஓடிக்கூட வருவாங்க.”

“ரொம்ப சந்தோஷம்.”

நல்லசிவத்துக்குக் கோபம் வந்துவிட்டது.

“என்னம்மா சந்தோஷம்? வடக்குத் தெரு ஆளுங்க மொத்தமா வந்தாங்க. பஞ்சாயத்துத் தலைவர் வந்தார். ‘சேலை விரிச்சுக் காட்டற கைக்குக் கொடி எதுக்கு’ன்னு கேட்டார். எல்லாத்துக்கும் வாயைப் பொத்திக்கிட்டு நின்னேன்.”

“தலைவருக்கு மூச்சிரைப்பு. அவரும் வந்து அவ்ளோ பேசினாரா? சரி, மேல சொல்லுங்க.”

நல்லசிவம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. மத்தியானம் உள்ள போய்க் கண்ணை மூடி உக்காந்தேன். ஜபம் பண்ணலை. காத்து வரணும்னு வேண்டிக்கிட்டேன். ஒரு பெருங்காத்து வந்து அலை எழும்பினா இவங்க வாயெல்லாம் மூடுமேன்னு.”

கீரை உருவிய கை நின்றது.

“வந்துச்சா?”

“வரலை.”

“நல்லவேளை. கடல் உங்களப் பெரிய மனுஷனா நெனைக்கல.”

கை மறுபடி வேலையைத் தொடங்கியது.

“அஞ்சப்பன் என்ன சொன்னாரு?”

அஞ்சப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் திட்டினால் மூன்று தெரு தள்ளிப் படுத்திருக்கும் நாய் எழுந்து போகும். கொடி பொய்த்த நாளில் மடத்துக்கு முதலில் வருகிறவரும் அவர்தான், கடைசியில் போகிறவரும் அவர்தான்.

“அவர் வரலை,” என்றார் நல்லசிவம். “இன்னிக்கு நான் நன்றி சொல்லணும்னா அந்த ஒரு மனுஷனுக்குத்தான் சொல்லணும்.”

கொடியம்மா எழுந்தார். முறம் கவிழ்ந்து கீரை மணலில் கொட்டியது. செருப்பைத் தேடாமல் வெயில் ஆறாத மணலில் வேகமாக நடந்தார். நல்லசிவம் ஒன்றும் புரியாமல் பின்னால் ஓடினார்.

அஞ்சப்பன் வீட்டு வாசலில் அவர் மனைவி வேதவல்லி நின்றுகொண்டிருந்தாள்.

“அவுங்களுக்குக் காச்சல் தாயி. தூங்குறாங்க.”

“எழுப்பு. இவரைத் திட்டாம எப்புடித் தூக்கம் வருதுன்னு கேக்கணும்.”

வேதவல்லி நகரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு உடைந்துவிட்டாள்.

“கொடி ஏறுறதுக்கு முன்னாடியே எறங்கிட்டாங்க தாயி. ஏறுனப்புறம் எறங்குனாத்தானே குத்தம், முன்னாடியே போய்ட்டா என்னான்னாங்க. சின்ன ஃபைபர் போட்டுல. தனியா. மத்தியானத்துக்குள்ள வந்துடுறேன்னாங்க. பஞ்சாயத்துக்குத் தெரிஞ்சா போட்டைப் புடிச்சுக் கட்டிருவாங்கன்னு, கேட்டவுங்ககிட்ட எல்லாம் காச்சல்னு சொல்லிட்டேன்.”

கொஞ்ச நேரத்தில் ஊர் முழுக்கக் கரையில் கூடிவிட்டது. அஞ்சப்பன் படகு கிடக்கிற இடத்தில் உருட்டுக் கட்டைகள் மட்டும் கிடந்தன.

“எஞ்சின் நின்னுருக்கும்,” என்றார் கலியமூர்த்தி. “பழைய எஞ்சின். மத்த நாளுன்னா துண்டைக் காட்டுனாப் போதும், யாராச்சும் கட்டி இழுத்தாந்துருப்போம். இன்னிக்குத்தான் கடல்ல ஈ காக்கா கெடையாதே.”

அவர் நல்லசிவத்தைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். நல்லசிவம் கொடியம்மாவிடம் திரும்பினார்.

“அம்மா, என் கொடியால வந்த வினை இது.”

“பொறவு அழுங்க,” என்றார் கொடியம்மா. “கொடி இன்னும் மேலதான் இருக்கு.”

அப்போதுதான் நல்லசிவம் கவனித்தார். ஆண்கள் எல்லோரும் படகுகளுக்குப் பக்கத்திலேயே நின்றார்கள். எஞ்சினுக்கு எண்ணெய்கூட ஊற்றியாகிவிட்டது. ஆனால் ஒரு கையும் படகைத் தள்ளவில்லை. எல்லாக் கண்ணும் கொடிமரத்தின் மேல் இருந்தது. மத்தியானம் இதே கொடிக்காக அவரைக் கிழித்துத் தோரணம் கட்டியவர்கள், அவர் இறக்காமல் கடலில் இறங்க மாட்டார்கள்.

பஞ்சாயத்து ஒலிபெருக்கியில் சாயங்காலச் செய்தி ஓடியது. காற்று எச்சரிக்கை இன்னும் விலகவில்லை என்றது.

நல்லசிவம் திரும்பி அம்மாவைப் பார்த்தார். கொடியம்மா வேதவல்லியின் பக்கத்தில் மணலில் உட்கார்ந்துவிட்டார். கொடிமரத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தார்.

இறக்கினால், போகிறவர்கள் உயிருக்கு அவர் பொறுப்பு. இறக்காவிட்டால் அஞ்சப்பன் உயிருக்கு. திருச்சி ஜவுளிக்கடையில் இப்படி ஒரு கஷ்டம் அவருக்கு வந்ததே கிடையாது.

முகத்துவாரத்தைப் பார்த்தார். காலையில் வெள்ளையாக உடைந்த அலை இப்போது உடையவில்லை. தென்கிழக்கு மேகம் கலைந்து கிழிந்திருந்தது. காற்று கரையிலிருந்து மெதுவாகத்தான் வந்தது. ஆனால் காலையிலும் இப்படிப் பார்த்துத்தானே ஏற்றினார்?

“கலியமூர்த்தி, நீரோட்டம் எந்தப் பக்கம்?”

“வடக்க இழுக்குது சாமி.”

“மேகம் திரும்பக் கறுத்தா எவ்வளவு தூரத்துல தெரியும்?”

“திரும்பி வர்ற அளவுக்குத் தெரியும்.”

நல்லசிவம் கொடிமரத்துக்குப் போனார். கயிற்றை அவிழ்த்தார். சிவப்புத் துணி இறங்கி அவர் தோளில் விழுந்தது.

“ரெண்டு போட்டு மட்டும்,” என்றார். “பெரிய படகா எடுங்க. எல்லாரும் மிதவைச் சட்டை போடணும். ஒரு போட்டுக் கண்ணுலேருந்து இன்னொண்ணு மறையக் கூடாது. மேகம் கறுத்தா, ஆள் கிடைச்சாலும் கிடைக்காட்டியும் திரும்பிடணும்.”

“சரி சாமி” என்றார்கள். படகு இரண்டும் அலையைத் தாண்டி வடக்கே போயின.

அதற்குப் பிறகு காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. நல்லசிவம் கொடித்துணியைத் தோளிலிருந்து எடுக்கவும் மறந்து, கடலைப் பார்த்தபடி நின்றார். மத்தியானம் கேட்ட காற்று வேண்டாம், வேண்டாம் என்று அவர் உதடு முணுமுணுத்தது. கடல் அசையாமல் கிடந்தது. எந்த அமைதி அவரைக் காலையிலிருந்து அவமானப்படுத்தியதோ, அதே அமைதி. இப்போது அதன் ஒவ்வொரு சிற்றலைக்கும் அவர் தனித்தனியாகக் கும்பிடு போட்டார். சும்மா கிடந்த கடலுக்கு யாரும் இவ்வளவு நன்றி சொல்லியிருக்க மாட்டார்கள்.

“அம்மா, இத்தனை வருஷம் நீங்க எப்படித் தாங்கினீங்க?”

“எதை?”

“திட்டை.”

“யாரு தாங்குனா? நான் ஆள் எண்ணிக்கிட்டு இருந்தேன்.”

சூரியன் மறைந்தது. மேற்கே கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்தது. அமிர்தம் வீங்கிய காலோடு வந்து வேதவல்லியைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

முதலில் எஞ்சின் சத்தம் கேட்டது. கூட்டம் எழுந்து நின்றது. வேதவல்லி மட்டும் எழவில்லை, எழத் தெம்பில்லை. படகு வருகிறதென்றால் ஆளோடு வருகிறதா, ஆளில்லாமல் வருகிறதா என்று எஞ்சின் சொல்லாது.

பிறகு எஞ்சின் சத்தத்துக்கும் மேலே, மங்கிய தண்ணீரின் மேல் ஒரு குரல் வந்தது.

“ஊரையே கரையில கட்டிப் போட்டியேடா பாவி! எஞ்சின் நின்னு, பொழுதன்னிக்கும் துண்டைக் காட்டுறேன், பாக்க ஒரு நாதி இல்ல! எண்ணெய் மாதிரிக் கெடக்குற கடலுக்கு எவன்டா கொடி ஏத்துனவன்? அவன் கண்ணுல என்ன மண்ணா?”

வேதவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அமிர்தத்துக்கே தெரியவில்லை.

“யாரையோ கேக்குறாரு,” என்றார் கொடியம்மா.

நல்லசிவம் அங்கே இல்லை. வேட்டியோடு, தோளில் கொடியோடு, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கியிருந்தார். இரண்டு கையும் தலைக்கு மேல் கூப்பியிருந்தன. கண்ணிலிருந்து கொட்டுவதைத் துடைக்கவும் அவருக்குக் கை இல்லை.

“நான்தான் அண்ணே! நான்தான்! இன்னும் சத்தமாத் திட்டுங்க, இங்க சரியாக் கேக்கலை!”